அவர்களை அங்கே வைத்தது யார்?

1418ஆம் ஆண்டின் கடைசி வாரங்களில், பிரான்சின் வடக்கே ரூவான் நகரத்து அகழியில் ஆயிரக்கணக்கான மனிதர்கள் பட்டினி கிடந்தார்கள். ஒரு பக்கம் சொந்த ஊரின் மதில். மறுபக்கம் அந்த ஊரை வளைத்து நின்ற ஆங்கிலப் படையின் பள்ளங்களும் கூர்முனைக் கழிகளும். ஜூலை முடிவில் இங்கிலாந்தின் அரசர் ஐந்தாம் ஹென்றி நார்மண்டியின் தலைநகரான ரூவானைச் சூழ்ந்திருந்தார். சீன் நதியில் மேலே இருந்தும் கீழே இருந்தும் படகு வரும் வழி அடைபட்டது. போருக்கு அஞ்சி அக்கம்பக்கத்து ஊர்களிலிருந்து ஓடிவந்தவர்களால் நகரம் முன்பே நிரம்பியிருந்தது. குளிர்காலம் வருவதற்குள் களஞ்சியங்கள் வற்றின. ஆயுதம் தூக்க முடியாதவர்களை நகரத்தார் வாசலுக்கு வெளியே அனுப்பினார்கள்: கிழவர்கள், பெண்கள், குழந்தைகள், நோயாளிகள், ஏழைகள். ஹென்றியின் படை அவர்களைக் கடந்துபோக விடாமல் திருப்பி விரட்டியது. ஊரும் கதவைத் திறக்கவில்லை. 12,000 பேர் என்பது மரபாகச் சொல்லிவரும் எண். முற்றுகைக் காலத்து எண்களை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அதில் பாதியே உண்மையென்றாலும் அது ஒரு சிற்றூரின் மக்கள்தொகை.

இதை நாம் இவ்வளவு நெருக்கமாக அறிய முடிவதற்குக் காரணம், பார்த்தவர் ஒருவர் எழுதிவைத்துவிட்டுப் போனது. அவர் வென்ற படையோடு இருந்தவர். இந்த இரண்டு செய்திகளையும் ஒன்றாக வைத்துத்தான் யோசிக்க வேண்டியிருக்கிறது.

பிரச்சாரம் என்றதும் பொய் என்று எண்ணிக்கொள்கிறோம். நேரில் கண்டவர் சொன்னது என்றதும் மனம் இளகி நம்பிவிடுகிறது. இடைக்கால இறுதியின் முற்றுகைகளைப் பற்றிப் படிக்கப் படிக்க எனக்கு இந்த இரண்டுக்கும் நடுவே இருந்த கோடு மங்கிக்கொண்டே வந்தது. அக்காலத்தின் வலுவான பிரச்சாரங்கள் பலவற்றை எழுதியவர்கள் களத்தில் இருந்தவர்கள். அவர்கள் கண்டது பெரும்பாலும் நடந்ததுதான். நடந்ததற்கு யார் பொறுப்பு என்று அவர்கள் எழுதிய இடத்தில்தான் அரசனின் குரல் கேட்கிறது.

*

ரூவானில் கண்டு எழுதியவர் ஜான் பேஜ். அரசரோடு அந்த முற்றுகையில் தானும் கிடந்ததாகச் சொல்லித் தொடங்கும் நீண்ட ஆங்கிலப் பாட்டு அவருடையது. முடிவில் தன் பெயரைச் சொல்லி, பாட்டு செப்பமில்லாமல் இருப்பதற்குப் பொறுத்தருளக் கேட்கிறார். நேரம் இல்லை, போர் முடிந்து உயிரோடு இருந்தால் திருத்திக்கொள்வேன் என்பது அவர் சொல்லும் சமாதானம். கூடாரத்தில், நாளை என்ன ஆகும் என்று தெரியாத நிலையில் எழுதியவரின் அவசரம் அதில் தெரிகிறது. எந்த வாசலுக்கு எதிரே எந்தப் பிரபு பாளையம் இறங்கினார், அரசரின் தம்பி கிளாரன்ஸ் எங்கே, எக்ஸிட்டர் எங்கே, ஆற்றின் தென்கரையில் யார் என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறார். முற்றுகைக்குமுன் நகரத்தார் தங்கள் புறநகரத்தைத் தாங்களே இடித்துத் தள்ளியதையும், அதில் போன தேவாலயங்களையும் பெயர் பெயராக எழுதுகிறார். இப்படிப்பட்ட இடங்களில் நடந்து பார்த்தவரின் கால்தடம் இருக்கிறது.

பிறகு பஞ்சம் வருகிறது. குதிரை இறைச்சி, நாய், பூனை, எலி என்று ஒவ்வொன்றுக்கும் விலை சொல்கிறார் பேஜ். கூர்ந்து படிப்பவர் இங்கே ஒரு கணம் நிற்க வேண்டும். அந்த விலைகள் மதிலுக்கு உள்ளே விற்ற விலைகள். பேஜ் மதிலுக்கு வெளியே இருந்தார். தப்பி வந்தவர்கள் சொல்லியோ, ஊர் வீழ்ந்தபின் விசாரித்தோதான் அவருக்குத் தெரிந்திருக்கும். இப்படி விலைப்பட்டியல் போடுவது பழைய மரபும்கூட. விவிலியத்தில் இரண்டாம் இராஜாக்கள் ஆறாம் அதிகாரத்தில் சமாரியா முற்றுகையிடப்பட்டபோது ஒரு கழுதையின் தலை எண்பது வெள்ளிக்காசுக்கு விற்றது என்று வருகிறது. கோயிலுக்குப் போகும் ஒவ்வொரு கிறிஸ்தவரும் கேட்டிருக்கக்கூடிய கதை அது. பட்டினி கிடக்கும் நகரத்தை எழுத வேண்டுமென்றால் விலை சொல்ல வேண்டும் என்று எழுதுகிறவருக்கும் தெரியும், கேட்கிறவரும் எதிர்பார்ப்பார். அதனால் விலைகள் பொய் என்று ஆகிவிடாது. முற்றுகையில் எலிக்கும் விலை உண்டு என்பது எந்த நூற்றாண்டிலும் நடப்பதுதான். ஆனால் கண்டது, கேட்டது, முன்பு படித்தது மூன்றும் ஒரே குரலில், ஒரே உறுதியோடு வருகின்றன. கண்டவன் என்ற தகுதி மூன்றுக்கும் பொதுவாகப் போய்விடுகிறது.

அகழி அப்படியல்ல. அது பாளையத்திலிருந்து கண்ணுக்கு நேராகத் தெரிந்த இடம். கிறிஸ்துமஸ் நாளில் ஹென்றி தன் தூதர்களை அனுப்பி, ஊருக்குள் உணவில்லாதவர்களுக்கும் அகழியில் கிடப்பவர்களுக்கும் அன்று ஒரு நாள் உணவு தருவதாகச் சொன்னார் என்கிறார் பேஜ். நகரத்தார் தங்களுக்கு வேண்டாம் என்று மறுத்தார்கள். அகழிக்கு மட்டும் இரண்டு பாதிரியாரும் உடன் மூன்று ஆட்களும் உணவு கொண்டுபோனார்கள். உண்டவர்கள், எங்கள் ஆட்களைவிட எங்கள் எதிரிகளுக்குத்தான் இரக்கம் இருக்கிறது, ஆங்கிலேயர் மென்மனத்தார் என்று வாழ்த்தினார்களாம். மறுநாள் சண்டை தொடர்ந்தது. உணவு அந்த ஒரு நாளோடு நின்றது.

அந்த வாழ்த்தொலி யார் காதுக்கு இனிமையாக இருந்திருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. பட்டினியால் சாகிறவர்களின் வாயிலிருந்தே முற்றுகையிட்ட அரசனுக்கு நற்சான்று வருகிறது. அவர்கள் நன்றி சொல்லியிருக்கவும் கூடும். பசித்தவன் ரொட்டி கொடுத்தவனை வாழ்த்துவான். ஆனால் அகழியில் கேட்ட எத்தனையோ குரல்களில் இந்த ஒன்று மட்டும் பாட்டுக்குள் முழு வாக்கியமாக வந்து சேர்ந்திருக்கிறது.

*

ஜனவரியில் நகரம் பேச்சுவார்த்தைக்கு இறங்கியது. பிரபுக்களில் நால்வர், குருமாரில் நால்வர், நகரத்தாரில் நால்வர் என்று பன்னிரண்டு பேர் கறுப்பு உடுத்தி அரசர் முன் வந்தார்கள். பேஜின் பாட்டில் அவர்கள் அகழியில் கிடக்கும் மக்களுக்காக வேண்டுகிறார்கள்: அவர்களைப் போகவிடுங்கள். ஹென்றியின் பதில் திருப்பிக் கேட்ட ஒரு கேள்வி. அவர்களை அங்கே வைத்தது யார்? நான் வைக்கவில்லை, அது உங்களுக்கே தெரியும் என்கிறார்.

இந்த முற்றுகையின் பிரச்சாரம் முழுதும் அந்தப் பதிலுக்குள் அடங்கியிருக்கிறது. அதில் பொய் எதுவும் இல்லை. கதவைத் திறந்து வெளியே அனுப்பியவர்கள் நகரத்தார்தான். ஹென்றி அனுப்பவில்லை. அவர் செய்தது, அவர்கள் நடந்துபோக இருந்த வழியை அடைத்தது. அவர் கேட்ட கேள்விக்கு ஒரு விடைதான் உண்டு, அது அவருக்குச் சாதகமான விடை. அங்கிருந்து அவர்களை விடுவிக்க யாரால் முடியும் என்று கேட்டிருந்தால் இரண்டு விடைகள் வந்திருக்கும். நகரம் கதவைத் திறந்திருக்கலாம். அரசர் வழிவிட்டிருக்கலாம். உணவு மிச்சமிருந்த பக்கத்தில் நின்றவர் அரசர்தான்.

எவ்வளவு மிச்சமிருந்தது என்பதற்கும் எழுத்துச் சான்று இருக்கிறது. ஆகஸ்டில் ஹென்றி லண்டன் நகரத்தாருக்கு எழுதி உணவும், முக்கியமாகக் குடிக்கப் பானமும் அனுப்பக் கேட்டார். செப்டம்பரில் அவர்கள் அனுப்பியதன் கணக்கு: இனிப்பு ஒயின் முப்பது பீப்பாய், அதில் டைர் பத்து, ரோம்னி பத்து, மால்வசி பத்து, ஏல், பீர் ஆயிரம் பெரும்பீப்பாய், குடிப்பதற்கு 2,500 கோப்பைகள். முற்றுகையிட்ட படைக்கும் நோயும் பற்றாக்குறையும் வரும். மூன்று ஆண்டுகளுக்குமுன் ஆர்ஃப்ளர் முற்றுகையில் வயிற்றுக்கடுப்பு ஆங்கிலப் பாளையத்தையே கிடத்திப்போட்டது. அதனால் ஓர் அரசன் தன் படைக்கு உணவு தேடியதைக் குறை சொல்ல முடியாது. ஆனால் இந்தக் கணக்கையும் பேஜின் கிறிஸ்துமஸ் விருந்தையும் அடுத்தடுத்து வைத்துப் படிக்கும்போது ஒரு நாள் உணவின் அளவு என்ன என்று தெரிகிறது. பேஜின் பாட்டில் இந்தக் கோப்பைகளுக்கு இடமில்லை.

*

ஹென்றி சொன்ன பதில் அவருக்கு 1,300 ஆண்டுகளுக்கும் முன்பே சொல்லப்பட்டுவிட்டது. கி.பி. 70இல் ரோமப் படை எருசலேமை வளைத்தபோது, நகரத்துக்கு வெளியே பள்ளத்தாக்குகளில் குவிந்த பிணங்களைக் கண்ட தளபதி டைட்டஸ் பெருமூச்சுவிட்டு, கைகளை உயர்த்தி, இது என் செயல் அல்ல என்று கடவுளைச் சாட்சிக்கு அழைத்தாராம். எழுதியவர் ஜோசிஃபஸ். அவர் யூதர். கலிலேயாவில் ரோமருக்கு எதிராகப் படை நடத்தித் தோற்றுப் பிடிபட்டவர். எருசலேம் முற்றுகையின்போது டைட்டஸின் பாளையத்தில் இருந்தார். சரணடையுங்கள் என்று தன் மக்களை அவர்கள் மொழியிலேயே அழைத்துக் கெஞ்சினார். பின்னர் ரோம் நகரில், பேரரசரின் ஆதரவில் அமர்ந்து நூலை எழுதினார். பஞ்சத்துக்கும் அழிவுக்கும் காரணம் உள்ளே இருந்த கலகக்காரர்கள், டைட்டஸோ நகரத்தைக் காப்பாற்றத் துடித்தவர் என்பது அந்த நூல் நிறுவ விரும்பும் கருத்து.

அந்த நூலை இடைக்கால ஐரோப்பா லத்தீனில் படித்தது, தழுவியது, பாட்டாகவும் பாடியது. எருசலேமும் டிராயும் வீழ்ந்த பிறகு ரூவானைப் போல ஒரு முற்றுகை நடந்ததில்லை என்றுதான் பேஜும் தொடங்குகிறார். முற்றுகை என்றால் எருசலேம் என்பது அவர் காலத்து மனத்தின் வார்ப்பு. அந்த வார்ப்பிலேயே மூன்று பாத்திரங்கள் தயாராக இருந்தன: பிடிவாதம் பிடிக்கும் நகரத் தலைவர்கள், அவர்களால் சாகும் ஏழைகள், வெளியே நின்று வருந்தும் அரசன். எழுதுகிறவர் எந்த அரசனின் உப்பைத் தின்றாலும் அந்த மூன்றாவது இடத்தில் அவனை நிறுத்திவிடலாம்.

சீன் நதியில் ரூவானுக்கு மேற்பக்கம் ஷாத்தோ கையார் என்ற கோட்டை இருக்கிறது. 1203-04இல் பிரெஞ்சு அரசர் பிலிப் அகஸ்டஸ் அதை முற்றுகையிட்டபோதும் இதுவே நடந்தது. கோட்டைத் தலைவர் ரோஜர் த லேசி உள்ளே ஒதுங்கியிருந்த ஊர்மக்களை வெளியே அனுப்பினார். முதலில் வந்தவர்களைப் பிரெஞ்சுப் படை போகவிட்டது. கடைசியில் வந்தவர்களைத் தடுத்தது. அவர்கள் இரண்டுக்கும் நடுவே குளிர்காலம் முழுதும் செத்துக்கொண்டிருந்தார்கள். முடிவில் அரசர் வந்து பார்த்து மனமிரங்கி உணவளித்தார். எழுதியவர் அரசரின் குருவான கில்லோம் ல ப்ரெத்தோன். அவரும் பாளையத்தில் இருந்தவர். இரண்டு நூற்றாண்டு இடைவெளியில் ஒரே நதிக்கரையில், ஒரே விதமான அகழி, ஒரே விதமான இரக்கம், ஒரே விதமான எழுத்தாளர். அரசர்கள் மட்டும் இடம் மாறியிருக்கிறார்கள்: முதலில் வெளியே நின்றவர் பிரான்சின் அரசர், பிறகு நின்றவர் இங்கிலாந்தின் அரசர்.

கலே நகரம் இதற்கு இன்னொரு பாடம். 1346 செப்டம்பர் முதல் மறுவருடம் ஆகஸ்ட் வரை மூன்றாம் எட்வர்ட் அதை வளைத்திருந்தார். தொடக்கத்தில் நகரத்திலிருந்து வெளியேற்றப்பட்ட 1,700 பேருக்கு எட்வர்ட் வயிறார உணவும் ஆளுக்குச் சிறிது பணமும் கொடுத்துப் போகவிட்டார் என்று லியேஜ் நகரத்துக் குருவான ஜான் ல பெல் எழுதினார். வரலாற்றாசிரியர் ஃப்ரூவாசார் அதை எடுத்துக்கொண்டார். ஃப்ரூவாசாரை ஐரோப்பாவே படித்தது. இங்கிலாந்தில் லெஸ்டர் மடத்துத் துறவி ஹென்றி நைட்டன் வேறொன்றையும் எழுதியிருக்கிறார்: பின்னர் வெளியேற்றப்பட்ட 500 பேர் மதிலுக்கும் பாளையத்துக்கும் நடுவே பட்டினியாலும் குளிராலும் மாண்டார்கள். தன் நாட்டு அரசனின் வெற்றியைப் பற்றி எழுதுகிற ஆங்கிலத் துறவி அவர். இவர்கள் மூவருமே அந்த மதிலடியில் நின்றவர்கள் அல்ல. ஆனால் எந்தச் செய்தி ஊர் ஊராகப் பயணம் போனது, எது ஒரு மடத்துச் சுவடியோடு நின்றது என்று பார்த்தால் நினைவு எந்தப் பக்கம் சாய்ந்து ஓடுகிறது என்று புரிகிறது. கழுத்தில் கயிறோடு வந்த ஆறு நகரத்தாரும், அவர்களுக்காக மண்டியிட்ட அரசி பிலிப்பாவும் சிலையாகவும் ஓவியமாகவும் உலகம் அறிந்தவர்கள். அந்த 500 பேருக்குச் சிலை இல்லை.

உள்ளே இருந்தவர்களின் சொல்லும் எதிரியின் கைக்குப் போனால் என்ன ஆகும் என்பதற்கும் கலேயில் ஒரு சான்று உண்டு. 1347 ஜூன் கடைசியில் கோட்டைத் தலைவர் ஜான் த வியென் தன் அரசருக்குக் கடிதம் எழுதினார். நாய், பூனை, குதிரை எல்லாம் தின்று தீர்த்துவிட்டோம், இனி மனித இறைச்சி ஒன்றுதான் மிச்சம் என்பது அதன் சாரம். கொண்டுபோன படகை ஆங்கிலேயர் துரத்தியபோது கடிதத்தைக் கோடரியில் கட்டிக் கடலில் எறிந்தார்கள். கடல் வற்றிய நேரத்தில் அது அகப்பட்டது. எட்வர்ட் படித்துவிட்டுத் தன் முத்திரையையும் போட்டுப் பிரெஞ்சு அரசருக்கே அனுப்பிவைத்தார். இங்கிலாந்தில் ராபர்ட் ஆஃப் ஏவ்ஸ்பரி அதைத் தன் வரலாற்றில் படியெடுத்துச் சேர்த்தார். உள்ளேயிருந்து வந்த உண்மையான அலறல் அது. ஒரு எழுத்தும் மாறாமல், முத்திரை ஒன்று கூடியதால், அதுவே வெற்றி அறிவிப்பாகிவிட்டது.

*

ஹென்றிக்கு எழுத்தின் பலம் நன்றாகத் தெரியும். 1417க்குப் பின் லண்டனுக்குத் தன் கடிதங்களை ஆங்கிலத்திலேயே எழுதினார். அவர் வெற்றிகளைப் பாடும் லத்தீன் நூலான கெஸ்டாவை எழுதியவர் அரசவைக் குரு ஒருவர். அஜின்கோர்ட் போரின்போது பின்னால் மூட்டைமுடிச்சுகளுக்கு நடுவே குதிரைமேல் அமர்ந்து ஜெபித்துக்கொண்டிருந்ததாகத் தானே சொல்கிறார். ஆர்ஃப்ளர் முற்றுகையில் பள்ளம் தோண்டியது, பீரங்கி மதிலை உடைத்தது, இரவில் உள்ளே இருந்தவர்கள் அதை மரத்தாலும் மண்ணாலும் அடைத்தது எல்லாவற்றையும் பார்த்து எழுதுகிறார். முற்றுகையின் தொடக்கத்தில் அரசர் உபாகமம் இருபதாம் அதிகாரத்தின்படி நகரத்துக்குச் சமாதானம் கூறினார் என்பதைச் சொல்ல அவர் மறக்கவில்லை. அந்த அதிகாரத்தின்படி சமாதானத்தை மறுத்த நகரம் தன் அழிவுக்குத் தானே பொறுப்பு. நார்மண்டி தன் பூர்விகச் சொத்து, அதைத் தர மறுப்பவர்கள் கலகக்காரர்கள் என்பது ஹென்றியின் வாதம். வேதமும் சட்டமும் சேர்ந்து அமைத்த அடித்தளத்தின்மேல் நின்றுதான் ரூவானில் அவர் அந்தக் கேள்வியைக் கேட்டார்.

நகரத்தின் தரப்பும் மௌனமாக இல்லை. முதிய குரு ஒருவரைப் பாரிசுக்கு அனுப்பி, நார்மண்டியின் பழைய வழக்கப்படி 'ஹாரோ' என்று அரசர் முன் முறையிட வைத்தார்கள். உதவிக்கு வராவிட்டால் ஆங்கிலேயனின் குடிகளாவோம், பிறகு எங்களைப் போல் கொடிய பகைவர் உங்களுக்கு இருக்க மாட்டார்கள் என்று எச்சரித்ததாக வரலாற்றாசிரியர் மோன்ஸ்ட்ரலே எழுதுகிறார். பர்கண்டியின் கோமகன் படை திரட்டி போவே வரை வந்து நின்றார். ரூவானுக்கு வரவில்லை. மோன்ஸ்ட்ரலே பர்கண்டி அணியைச் சார்ந்தவர். அவர் எழுத்திலும் சாய்வு உண்டு. ஆனால் அகழியைப் பற்றி அவர் சொல்லும் ஒரு செய்தி எந்தச் சாய்வுக்கும் உதவாமல் தனித்து நிற்கிறது. அகழியில் பிள்ளை பெற்ற பெண்களின் சிசுக்களை மதில்மேல் இருந்தவர்கள் கூடையில் தூக்கி, ஞானஸ்நானம் கொடுத்து, மறுபடி கயிற்றில் தாயிடமே இறக்கிவிட்டார்கள்.

நகரத்தார் கல்நெஞ்சர் என்று காட்ட விரும்புகிறவருக்கு இதில் இரக்கம் அதிகமாக இருக்கிறது. நகரத்தார் நல்லவர் என்று காட்ட விரும்புகிறவருக்கு அந்தக் கூடை கீழே இறங்குவது தடையாக இருக்கிறது. ஆன்மாவைக் காப்பாற்றி உடலைத் திருப்பி அனுப்பினார்கள். யாருக்கும் ஆயுதமாகப் பயன்படாத இத்தகைய செய்திகளைத்தான் சாட்சியங்களில் நான் தேடுகிறேன்.

பேஜிடமும் அப்படி ஓர் இடம் இருக்கிறது. பேச்சுவார்த்தைக்காக மதிலருகே இரண்டு கூடாரங்கள் அடித்தார்கள், ஒன்று ஆங்கிலேயருக்கு, ஒன்று பிரெஞ்சுக்காரருக்கு. இரு அரசர்களின் கட்டியக்காரர்களும் தத்தம் பிரபுக்களின் சின்னங்கள் பொன்னிழையில் மின்னும் அங்கிகளோடு உலாவினார்கள். பேஜுக்கு அந்த அலங்காரத்தில் உண்மையான மகிழ்ச்சி இருந்தது, ஒவ்வொன்றாக ரசித்துச் சொல்கிறார். சட்டென்று பார்வை அருகிலிருந்த அகழிக்கு இறங்குகிறது. உடுக்கக் கந்தல்கூட இல்லாதவர்கள். செத்த குழந்தையைக் கையில் ஏந்திய பெண்கள். செத்த தாயின் முலையைச் சப்பும் குழந்தை. இரண்டு மூன்று வயதுப் பிள்ளை ஒன்று தனியாக நடந்து ரொட்டி கேட்கிறது. அப்பனும் அம்மாவும் இறந்துவிட்டார்கள். உயிரோடிருப்பவர் ஒருவர் என்றால் பிணம் பத்துப் பன்னிரண்டு. அவை சத்தமில்லாமல் போன உயிர்கள், தூங்குகிறவர்கள்போலக் கிடக்கிறார்கள் என்கிறார்.

கிறிஸ்துமஸ் காட்சிக்கு இருந்த வேலை இந்தக் காட்சிக்கு இல்லை. இங்கே யாரும் அரசரை வாழ்த்தவில்லை. நகரத்தாரை யாரும் சபிக்கவும் இல்லை. கூடாரங்களில் இரு தரப்புப் பெரிய மனிதர்களும் இருக்கிறார்கள். இரு தரப்பு அங்கிகளும் ஒரே வெயிலில் மின்னுகின்றன. அந்த மின்னலுக்கு எதிரே பேஜ் அகழியை நிறுத்தியதும், பழி இரு கூடாரங்களுக்கும் சமமாகப் போய்ச் சேர்கிறது. அவர் அப்படி எண்ணி எழுதினாரா என்பது முக்கியமில்லை. தன் அரசனைப் போற்றப் புறப்பட்டவருடைய கண், அந்தப் போற்றுதலுக்குள் கொள்ளாத ஒன்றைப் பார்த்துவிட்டது. பார்த்ததை அவர் விட்டுவிடாமல் எழுதினார். அதற்காக அவருக்கு நான் நன்றியுடையவன். கூர்மையான சாட்சி என்பது பக்கம் சாராத சாட்சியாக இருக்க வேண்டியதில்லை. தான் சார்ந்த பக்கத்துக்குத் தேவையில்லாததையும் எழுத மனம் வந்த சாட்சியே போதும்.

*

1419 ஜனவரி 13இல் உடன்பாடு கையெழுத்தானது. பத்தொன்பதாம் தேதிக்குள் உதவி வராவிட்டால் நகரம் சரணடைய வேண்டும், 300,000 கிரௌன் தண்டம் கட்ட வேண்டும். அகழியில் கிடப்பவர்களை நகரமே உள்ளே ஏற்று உணவளிக்க வேண்டும் என்பதும் நிபந்தனைகளில் ஒன்று. ஹென்றியின் கேள்விக்கு அவர் விரும்பிய விடை இப்படிச் சட்டமாகவே எழுதப்பட்டுவிட்டது. மதில்மேல் நின்று அவரைத் திருச்சபையிலிருந்து விலக்கிச் சபித்த குரு ரொபேர் த லிவே சிறைக்குப் போனார். வில்லாளர் தலைவர் அலேன் பிளான்ஷார் தலையை இழந்தார், பிற்காலப் பிரெஞ்சுத் தேசியம் அவரைத் தியாகியாக்கியது. நகரத்தின் தளபதி கி ல பூத்தேயே ஹென்றியின் பணியில் சேர்ந்து நிலம் பெற்றார்.

பேஜ் தன் பாட்டைத் திருத்தினாரோ இல்லையோ, மற்றவர்கள் அதை எடுத்துக்கொண்டார்கள். இங்கிலாந்தில் மிக அதிகம் படியெடுக்கப்பட்ட வரலாறான ப்ரூட் நூலின் பல சுவடிகளில் அது சேர்ந்தது. முன்பாதியை உரைநடையாக்கி, பின்பாதியைப் பாட்டாகவே விட்டார்கள். 1480இல் காக்ஸ்டன் ப்ரூட்டை அச்சிட்டார். பாளையத்தில் ஒருவர் அவசரமாக எழுதியது ஒரு நாட்டின் நினைவாகிவிட்டது. இரக்கமுள்ள அரசனும் அகழியின் குழந்தையும் ஒரே சுவடியில், ஒரே கட்டில் வந்தார்கள். அரசனைப் போற்ற விரும்பிய எவரும் குழந்தையை வெட்டி எறியவில்லை; அது தங்கள் அரசனின் பெருமைக்குத் துணை என்றே நினைத்திருப்பார்கள்.

இன்று அதை வாசிக்கிறவர்களுக்கு அரசனின் பெருமையைச் சுமக்கும் கடமை இல்லை. சாட்சி சொன்னவர் எந்தப் பக்கம் நின்றார் என்று தெரிந்தவுடன் அவர் சொன்னதையெல்லாம் தள்ளிவிடுவது எளிது. அப்படித் தள்ளினால் அகழியில் இருந்தவர்கள் இரண்டாம் முறையும் வெளியே தள்ளப்படுகிறார்கள். அவர்களைப் பற்றி எழுதியவர்கள் எல்லோருமே ஏதோ ஒரு பாளையத்தைச் சேர்ந்தவர்கள்தான். சாட்சியை அப்படியே ஏற்றுக்கொண்டால் அவரோடு சேர்ந்து அரசரின் கேள்வியையும் ஏற்றுக்கொள்கிறோம். கண்டதைக் கண்டவரிடமிருந்து பெற்றுக்கொண்டு, தீர்ப்பை அவர் கையிலிருந்து வாங்க மறுப்பதுதான் நம்மால் ஆகக்கூடியது.

அவர்களை அங்கே வைத்தது ரூவான் நகரம். அது ஒரு குற்றம். அவர்களை அங்கேயே சாகவிட்டது ஹென்றியும் ரூவானும். அது இன்னொரு குற்றம், அதில் அதிக வலிமை இருந்தவருக்கு அதிகப் பங்கு. முதல் குற்றத்தை உண்மையாகச் சொல்லி இரண்டாவதை மறைக்க முடியும் என்பதைத்தான் முற்றுகையிட்ட அரசர்கள் கண்டுபிடித்தார்கள். யார் தொடங்கினார்கள் என்று கேட்டு முடித்துக்கொள்ளும் ஒவ்வொரு வரலாறும் அவர்களுக்கு இன்றும் உதவிக்கொண்டிருக்கிறது. யாரால் நிறுத்தியிருக்க முடியும் என்பதையும் சேர்த்துக் கேட்க வேண்டும். அதற்கான சான்றுகளை வென்றவர்களின் பாட்டுகளே நமக்கு வைத்துவிட்டுப் போயிருக்கின்றன.